கம்பளமும் கைபேசியும்

2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே நகர நீதிமன்றத்தில் நீதிபதி லூசி கோ இரண்டு பலகைக் கணினிகளைக் கைக்கொன்றாகத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். ஒன்று ஆப்பிளின் ஐபேட், மற்றது சாம்சங்கின் கேலக்ஸி டேப். எது உங்களுடையது என்று சாம்சங் தரப்பு வழக்கறிஞரைக் கேட்டார். வழக்கறிஞர் பத்தடி தொலைவில் நின்றிருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து தன்னால் சொல்ல இயலாது என்றார் அவர். சற்றுத் தாமதமாக, அதே தரப்பின் வேறொரு வழக்கறிஞர் சரியான விடையைச் சொன்னார்.

இதைவிடத் தெளிவான நிரூபணம் வேறென்ன வேண்டும் என்று அன்று அங்கிருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் 2012 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேர் கொண்ட நடுவர் குழு தன் தீர்ப்பை அளித்தபோது, சாம்சங்கின் கைபேசிகள் பலவும் ஆப்பிளின் வடிவமைப்பு உரிமையை மீறின என்றது. அந்தப் பலகைக் கணினி மட்டும் ஐபேடின் வடிவமைப்பை மீறவில்லை என்றது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது வேறு, சட்டத்துக்கு ஒன்றாவது வேறு. இந்த இடைவெளியின் கதை, ஸ்மார்ட்ஃபோன்களுக்கு மிகவும் முந்தையது.

1979 டிசம்பரில் ஆப்பிளின் குழு ஒன்று பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்துக்குச் சென்று, சன்னல்களும் சுட்டியும் கொண்ட கணினித் திரையைப் பார்த்தது. இதற்கு ஈடாக ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு ஆப்பிளின் பங்குகளை வாங்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஜெராக்ஸுக்கும் ஒரு முன்னோடி உண்டு. சுட்டியை 1968-லேயே டக்ளஸ் எங்கல்பார்ட் பொதுமேடையில் இயக்கிக் காட்டியிருந்தார். தான் பார்த்ததை ஆப்பிள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. விரித்தது, எளிமையாக்கியது, 1984-இல் மெக்கின்டாஷாக விற்றது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வந்தது. 1988-இல் ஆப்பிள் மைக்ரோசாஃப்டின் மீது வழக்குத் தொடர்ந்தது. மறு ஆண்டு ஜெராக்ஸ் ஆப்பிளின் மீது வழக்குத் தொடர்ந்தது!

இரண்டு வழக்குகளும் தோற்றன. மைக்ரோசாஃப்ட் வழக்கில் ஆப்பிள் பட்டியலிட்ட 189 திரைக்கூறுகளில் 179 கூறுகள், 1985-இல் அதுவே கையெழுத்திட்ட உரிம ஒப்பந்தத்தில் அடங்கிவிட்டன என்றது நீதிமன்றம். எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவை எவருக்கும் சொந்தமாக முடியாத பொதுக் கருத்துக்களே. மேல்முறையீடும் 1994-இல் தோற்றது. ஆப்பிள் நம்பியிருந்தது பதிப்புரிமைச் சட்டத்தை. நாவலுக்கும் கவிதைக்கும் உரிய அந்தச் சட்டம் திரைக்குப் போதாது என்பது அன்று தெரிந்துவிட்டது.

2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஐஃபோனை அறிமுகப்படுத்தியபோது, அதற்காக 200-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்துள்ளோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பெருமிதத்துடன் அறிவித்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தோல்வியின் பாடமும் அந்தப் பெருமிதத்தில் கலந்திருந்தது என்று கருத இடமிருக்கிறது. இத்தனைக்கும், முழுத் தொடுதிரையோடு கூடிய எல்ஜி நிறுவனத்தின் பிராடா கைபேசியின் படங்கள் அதற்குச் சில வாரங்கள் முன்பே வெளிவந்திருந்தன. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இருவர் ஒரே வடிவத்தை வந்தடைவதும் நடக்கிறது.

கூகிளின் நிலை வேறு. 2005-இல் அது விலைக்கு வாங்கிய ஆண்ட்ராய்ட் என்ற சிறு நிறுவனம், விசைப்பலகை கொண்ட கைபேசியைத்தான் மனதில் கொண்டிருந்தது. தொடுதிரைக்கு இடமில்லை என்றே 2006-ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்ட் ஆவணம் ஒன்று கூறியது. ஐஃபோன் வந்தபின் திட்டம் மாறியது. 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்ட் கைபேசியில் தொடுதிரை இருந்தது. இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கூகிளின் தலைமை அதிகாரி எரிக் ஷ்மிட் ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் அமர்ந்திருந்தார். 2009 ஆகஸ்டில்தான் விலகினார். ஜாப்ஸின் கோபத்தில் துரோகம் இழைக்கப்பட்டவரின் கசப்பு கலந்திருந்தது இதனால்தான்.

ஆனால் ஆப்பிளின் பெரும்போர் கூகிளோடு நேரடியாக நடக்கவில்லை, சாம்சங்கோடு நடந்தது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஐஃபோனின் மூளையான செயலியைத் தயாரித்துக் கொடுத்ததே சாம்சங்தான். வழக்கு நடந்த ஆண்டுகளிலும் ஒரு வாசல் வழியே சிப்புகள் போயின, மறு வாசல் வழியே வக்கீல் நோட்டீஸ் வந்தது. 2010 அக்டோபரில், கைபேசி ஒன்றுக்கு 30 டாலர் உரிமத்தொகை தரலாம் என்று ஆப்பிள் சமரசம் பேசிப் பார்த்தது. பேச்சு பலிக்கவில்லை. 2011 ஏப்ரலில் வழக்குத் தாக்கலானது.

விசாரணையில் வெளிவந்த ஆவணங்கள் சுவையானவை. ஐஃபோனுக்கும் தங்கள் கைபேசிக்கும் உள்ள வேறுபாடு வானுக்கும் மண்ணுக்கும் உள்ளது என்று சாம்சங் கைபேசிப் பிரிவின் தலைவர் 2010 பிப்ரவரியில் தன் ஊழியர்களிடம் வருந்தியிருக்கிறார். அதே ஆண்டு தயாரான 132 பக்க ஒப்பாய்வு ஒன்று, இரண்டு கைபேசிகளின் திரைகளையும் பக்கம் பக்கமாக அருகருகே வைத்து, நம்முடையது எங்கே குறைகிறது, எப்படித் திருத்த வேண்டும் என்று ஒரு நல்ல மாணவனின் பொறுமையோடு எழுதிச் செல்கிறது. பள்ளியில் இதற்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். நீதிமன்றத்தில் அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது.

சாம்சங்கும் சும்மா இருக்கவில்லை. பலகைக் கணினியின் வடிவம் ஸ்டான்லி குப்ரிக்கின் 1968-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலேயே இருக்கிறது என்று படக்காட்சியோடு வாதிட்டது. 2006-இல் ஆப்பிளின் வடிவமைப்பாளர் ஒருவர், சோனி வடிவமைத்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து வரைந்த கைபேசி மாதிரியைத் தோண்டியெடுத்தது. காலம் கடந்து கொண்டுவரப்பட்டதால் நீதிபதி அந்தச் சான்றுகளை ஏற்க மறுத்தார். சாம்சங் அவற்றைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டு நீதிபதியின் கோபத்துக்கு ஆளாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே ஐஃபோனை ஒத்த மாதிரி ஒன்று தங்களிடம் இருந்தது என்றது ஆப்பிள். ஆக, இரு தரப்பினரும் ஒரே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்: நான் எவரிடமிருந்தும் கற்கவில்லை.

நடுவர் குழு விதித்த தொகை ஏறத்தாழ 105 கோடி டாலர். அதே நாளில் சியோல் நீதிமன்றம் இரு நிறுவனங்களுமே ஒன்றன் உரிமையை மற்றது மீறின என்றது. ஒரு வாரத்தில் டோக்கியோ நீதிமன்றம் சாம்சங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. லண்டனிலோ, அதற்கு முந்தைய மாதமே நீதிபதி காலின் பிர்ஸ், சாம்சங்கின் பலகைக் கணினிக்கு ஆப்பிளுடையதன் அந்த அதீத எளிமை இல்லை, அந்த அளவுக்கு அது கவர்ச்சியாக இல்லை, எனவே நகல் அல்ல என்று கூறியிருந்தார். அழகில் குறைந்ததால் வழக்கில் வென்றது சாம்சங்.

தொகையைக் கணக்கிட்ட விதத்தில்தான் கம்பளம் வருகிறது. 1880-களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் கம்பள நிறுவனம் தன் கம்பளங்களின் பூவேலை வடிவங்களை டாப்சன் என்ற தயாரிப்பாளர்கள் நகலெடுத்துவிட்டதாக வழக்குத் தொடர்ந்தது. கம்பளத்தில் கிடைக்கக்கூடிய லாபம் முழுவதையும் கீழ் நீதிமன்றம் இழப்பீடாக்கியது. 1885-இல் உச்சநீதிமன்றம் அதை மறுத்தது. லாபத்தில் நூலுக்கு எவ்வளவு, நெசவுக்கு எவ்வளவு, பூவேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்றது. அப்படிப் பிரித்துக் காட்ட யாரால் முடியும்? உரிமையாளருக்குக் கிடைத்த பெயரளவு இழப்பீடு ஆறு சென்ட். கொதித்தெழுந்த தொழிலதிபர்களின் பொருட்டு 1887-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது: வடிவத்தை நகலெடுத்தவன் அந்தப் பொருளில் ஈட்டிய லாபம் முழுவதையும் தந்துவிட வேண்டும்.

கம்பளத்தை வாங்குகிறவர் பெரும்பாலும் அதன் பூவேலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஆகவே அந்தச் சட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் கைபேசியில் செயலி இருக்கிறது, வானொலி அலைவாங்கி இருக்கிறது, நிழற்படக் கருவி இருக்கிறது. கறுப்பு முகப்புக்கும், வளைந்த விளிம்புக்கும், வண்ணச் சின்னங்களின் வரிசைக்கும் தரப்பட்ட மூன்று காப்புரிமைகளுக்காகக் கைபேசியின் முழு லாபத்தையும் தருவதா? மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல், மூலைகள் வளைந்திருப்பது சட்டைப்பையில் எளிதாக நுழைவதற்கே என்பன போன்ற காரணங்களால் தோற்றப் பொலிவு சார்ந்த உரிமையைத் தள்ளுபடி செய்தது. ஆனால் வடிவமைப்புக் காப்புரிமைகளுக்கான 39.9 கோடி டாலரை அப்படியே விட்டது. சாம்சங் உச்சநீதிமன்றம் சென்றது. 2016 டிசம்பர் 6 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, சட்டம் கூறும் 'பொருள்' என்பது முழுக் கைபேசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்றனர். எது பாகம், எது முழுமை என்று அளக்கும் முறையை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

வழக்கு மீண்டும் சான் ஹோஸேவுக்கு வந்தது. 2018 மே மாதம் புதிய நடுவர் குழு வடிவமைப்புகளுக்கு இட்ட விலை 53.3 கோடி டாலர். உச்சநீதிமன்றத்தில் வென்ற சாம்சங், வெல்வதற்கு முன்பிருந்ததைவிட அதிகம் கொடுக்க நேர்ந்தது. 1885-இல் ஆறு சென்ட், 1887-க்குப் பின் எல்லாம், 2018-இல் இது. நூலையும் பூவேலையையும் பிரிக்கும் தராசு 130 ஆண்டுகளாகியும் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்துக்கு வெளியே நகலெடுப்பு தன் போக்கில் நடந்தது. மேலிருந்து இழுத்துப் பார்க்கும் அறிவிப்புத் திரை 2008-இல் ஆண்ட்ராய்டில் இருந்தது. 2011-இல் ஐஃபோனுக்கு வந்தது. பெரிய திரையைச் சாம்சங் 2011-இல் கொண்டுவந்தது; ஆப்பிள் 2014-இல் பின்தொடர்ந்தது. இவர்களாவது இன்றும் இருக்கிறார்கள். 2009-இல் பாம் நிறுவனத்தின் ப்ரீ என்ற கைபேசி, இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளைச் சீட்டுக்கட்டுபோல் வரிசையாகக் காட்டி, வேண்டாததை மேல்நோக்கிச் சுண்டிவிடச் செய்தது. அதை உருவாக்கிய முதன்மை வடிவமைப்பாளர் மத்தியாஸ் துவார்த்தே 2010-இல் கூகிளுக்குச் சென்றார். ஹெச்பி நிறுவனம் பாமை 120 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே அந்தக் கருவிகளைக் கைவிட்டது. 2013-இல் ஐஃபோனும் அதே சீட்டுக்கட்டைக் காட்டியது, அதே மேல்நோக்கிய சுண்டலோடு. இன்று கோடிக்கணக்கான விரல்கள் தினமும் செய்யும் அந்த அசைவுக்கு எந்த நடுவர் குழுவும் விலை வைக்கவில்லை. முதலில் செய்தவருக்கு அல்ல, வழக்காட உயிரோடிருப்பவருக்கே சட்டத்தின் காவல் கிட்டுகிறது.

நம் இலக்கண மரபில் வழிநூல் என்பது வசைச்சொல் அல்ல. முதல்நூலின் முடிவை ஏற்று, பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல் என்கிறது நன்னூல். அது மட்டுமல்ல, சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாக 'வழி' என்பதும் ஒன்று. இந்த நூல் எதன் வழி வந்தது என்று முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பின்பற்றுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, மறைப்பதற்கு வெட்கப்பட வேண்டும் என்ற அறம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கைபேசித் தொழிலில் பாயிரம் எழுத முடியாது என்பதுதான் இந்த வரலாற்றின் துயரம். இன்னாரிடமிருந்து கற்றேன் என்று எழுதிய கணமே அது இழப்பீட்டுக்கான சான்றாகிவிடுகிறது. ஆகவே எல்லோரும் தாமே தோன்றியவர்களாக நடிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சட்டம் மட்டும் முன்னோடிகளை ஆவணங்களிலிருந்து இழுத்துவந்து நிறுத்தியது. சோனியைக் கற்பனை செய்த வரைபடமும், 132 பக்க ஒப்பாய்வும், தொடுதிரையை மறுத்த ஆண்ட்ராய்ட் குறிப்பும் ஆப்பிள்–சாம்சங் வழக்குகளால்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தன. கட்டாயத்தின்பேரில் எழுதப்பட்ட பாயிரங்கள் அவை.

2018 ஜூன் மாதம் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. கைமாறிய தொகை எவ்வளவு என்பதை அவர்கள் வெளியிடவில்லை. ஒரு வடிவத்தின் விலை என்ன என்று ஏழு ஆண்டுகள் கேட்கப்பட்ட கேள்வியின் இறுதி விடை அவர்களுக்குள்ளேயே இருக்கிறது. வடிவங்கள் வந்த வழியை மட்டும், நல்லவேளையாக, நாம் தெரிந்துகொண்டோம்.