கீரிப்பூச்சியும் விளக்கெண்ணெய் ஞாயிறும்

கீரிப்பூச்சி என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வருவது பூச்சியல்ல, விளக்கெண்ணெய்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். சூடான கருப்பட்டிக் காப்பியில் விளக்கெண்ணெயை ஊற்றி, மூக்கைப் பிடித்து, ஒரே மூச்சில் விழுங்க வைப்பார்கள். அன்று பொழுதெல்லாம் கொல்லைப்பக்கம் ஓட்டம்தான். சாயங்காலம் குழைந்த சோறும் மிளகு ரசமும் கிடைக்கும். தொட்டுக்கொள்ள ஓர் அப்பளம் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். புதுச்சேரியில் வளர்ந்த உங்களில் பலருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விளக்கெண்ணெய்க்கு முந்தைய நாட்களில் கசப்பு உண்டு. வேப்பங்கொழுந்தை ஓமத்தோடு அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்வார் என் ஆயா. பாகற்காய்ச் சாறு, குப்பைமேனிச் சாறு, நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய வாய்விடங்கம் என்று ஒரு சுற்று வரும். கசப்புக்குப் பூச்சி பயப்படும் என்பது நம்மவர் கணக்கு. பூச்சி குடியிருப்பதோ பெருங்குடலின் தொடக்கத்தில். நாக்கில் பட்ட கசப்பு அங்கே போய்ச் சேரும்போது என்ன மிச்சமிருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

இது நம்மவர் நம்பிக்கை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பாடம் எடுத்த பிரெஞ்சு மாதாம் ஒருவர், தன் ஊர்ப் பாட்டிகள் பூச்சித் தொல்லை உள்ள பிள்ளையின் கழுத்தில் பூண்டு மாலை கட்டிவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பௌர்ணமி வந்தால் வயிற்றுப் பூச்சிகள் கிளர்ந்தெழும் என்பதும் அவர்கள் ஊரில் வழங்கிய நம்பிக்கை. என் ஆயாவுக்கும் அந்த மாதாமுக்கும் பொதுவான மொழி கிடையாது. இருந்திருந்தால் வெகு நேரம் பேசியிருப்பார்கள்.

பிரெஞ்சில் புழுவுக்கு 'வேர்' என்று பெயர். கண்ணாடிக் குவளைக்கும், பச்சை நிறத்துக்கும், கவிதை அடிக்கும் அதே உச்சரிப்பு. எழுத்துதான் வேறு. சொல்வதெழுதுதலில் எங்களைக் கவிழ்ப்பதற்கென்றே பிறந்த சொல். தமிழ் வேரையும் சேர்த்து எங்களுக்கு ஐந்தாயிற்று. கீரிப்பூச்சிக்குத் தனியாக 'ஒக்சியூர்' என்பார்கள். கூர்மையான வால் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். பெண் பூச்சியின் வால் ஊசிமுனை போல இருப்பதால் வந்த பெயர்.

பூச்சி நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் குகை ஒன்றில் கிடைத்த காய்ந்த மனிதக் கழிவில் இதன் முட்டைகளைக் கண்டார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள் பழையவை. அரிஸ்டாட்டில் குடற்புழுக்களைத் தட்டை, உருளை, மெல்லியது என்று மூன்றாகப் பிரித்தார். அந்த மெல்லியது இதுதான். 1758-இல் லின்னேயஸ் இதற்கு லத்தீன் பெயர் சூட்டினார். ஆனால் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பது தெளிய இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. லூக்கார்ட் என்ற ஜெர்மானிய விலங்கியலார் 1865-இல் இதன் முழு வாழ்க்கைச் சுற்றையும் விவரித்தார். அதற்காகத் தானும் தன் மாணவர்கள் சிலரும் முட்டைகளை விழுங்கிப் பார்த்தார்களாம். அந்தக் கால ஆராய்ச்சி அப்படி.

அவர் கண்டதை நம் பாஷையில் சொல்கிறேன். பெண் பூச்சி ஒரு சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல்துண்டு போல இருக்கும். பிள்ளை தூங்கியபின் ஆசனவாய்க்கு வெளியே வந்து பத்தாயிரம் முட்டை வரை இடும். அந்த அரிப்பில் பிள்ளை தூக்கத்திலேயே சொறியும். முட்டை நகக்கண்ணில் ஏறும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அது தொற்றத் தயாராகிவிடும். காலையில் விரலை வாயில் வைத்தால் சுற்று மறுபடி தொடங்கும். பாய், தலையணை, போர்வை, உள்ளாடை என்று முட்டை எங்கும் உதிரும். இரண்டு மூன்று வாரம் உயிரோடு கிடக்கும்.

இதில் மண்ணுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் பல நாள் கிடந்தால்தான் முதிரும். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறும். கீரிப்பூச்சிக்கு நகமும் பாயும் போதும். பாரிஸில் மெத்தைமேல் தூங்கும் பிள்ளைக்கும் வரும், நம் கூடத்தில் கோரைப்பாயில் தூங்கும் பிள்ளைக்கும் வரும். நாய், பூனையிடமிருந்து வருவதும் இல்லை.

இது தெரியாததால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பம். நாங்கள் ஏழு பிள்ளைகள் கூடத்தில் ஒரே பாய் வரிசையில் படுப்போம். சித்தியின் மூத்த பையனுக்கு ராத்திரியெல்லாம் அரிப்பு, அழுகை. பழி முழுவதும் சித்தி தலையில் விழுந்தது. "வெல்லமும் மிட்டாயுமா அள்ளிக் குடுத்தா பூச்சி வராம என்ன செய்யும்?" என்பார் ஆயா. பொட்டுக்கடலை உருண்டை, வெல்லம், கல்கண்டு எல்லாம் அந்தப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டன. மற்ற ஆறு பேரும் அவன் கண்ணெதிரே தின்போம். போதாததற்கு, பிள்ளையைச் சுத்தமாக வைக்கத் தெரியவில்லை என்று அண்டை வீட்டுக்கும் கேட்கிற மாதிரி பேச்சு. சித்தி தினமும் சாயங்காலம் அவனைத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். பூச்சி முட்டையிடுவது ராத்திரி. குளிக்க வேண்டியது விடிந்ததும். பாவம், அவருக்கு யார் அதைச் சொன்னார்கள்?

வேப்பங்கொழுந்து, விளக்கெண்ணெய் எல்லாம் சொறிகிற பிள்ளைக்கு மட்டும்தான். பேதியில் சில பூச்சிகள் வெளியே போகும், சில ராத்திரி அவன் தூங்குவான். பிறகு பக்கத்துப் பாயிலிருந்தோ அவன் நகத்திலிருந்தோ மறுபடி வந்துவிடும். கையெழுத்துப் போட்டு அனுப்பிய கோப்பு சில வாரத்தில் புதுக் கேள்வியோடு நம் மேசைக்கே திரும்பி வருமே, முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் நான் பார்த்த கதைதான்.

மருந்து வகைகளுக்குக் குறைவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'செமென்-கோன்த்ரா' என்று ஒன்று வைத்திருந்தார்கள். புழுவுக்கு எதிரான விதை என்று பெயர், உண்மையில் அது மத்திய ஆசியச் செடி ஒன்றின் விரியாத மொட்டு. 1830-இல் அதிலிருந்து சாந்தோனின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு வெள்ளைச் சுவர்கூட மஞ்சளாகத் தெரியும். அளவு சற்று மீறினால் விஷம். இத்தனைக்கும் அது நாக்குப்பூச்சிக்குத்தான் கேட்கும், கீரிப்பூச்சிக்குச் சரியாகக் கேட்காது. பிறகு, புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தையே மாத்திரையாக விழுங்க வைத்துப் பார்த்தார்கள். வாந்திதான் மிச்சம்.

திருப்பம் பிப்பெராசினில் வந்தது. அது அதற்கு முன் கீல்வாதத்துக்குக் கொடுத்துப் பயனில்லாமல் ஒதுக்கப்பட்ட பொருள். பிரான்சில் ரூவான் நகர மருந்துக்கடைக்காரர் ஒருவர் அதைப் பூச்சிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1949-இல் அது ஒரு பாரிஸ் ஆய்வேட்டில் பதிவாயிற்று. சில ஆண்டுகளில் உலகமெங்கும் சிரப்பாக வந்துவிட்டது. அதன் சுவை இனிப்பு! இனிப்பால் பூச்சி வரும் என்று சொன்ன ஆயாவின் கையாலேயே, இனிப்பான மருந்து பிள்ளைகளின் வாய்க்குப் போயிற்று.

எங்கள் வீட்டுக்கு அது 1950-களின் கடைசியில் வந்தது. கொண்டுவந்தவர் வயதான வைத்தியர் ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியில் படித்தவர். அதுவரை வந்தவர்கள் எல்லாம் "என்ன தின்றான்?" என்று கேட்டார்கள். இவர் சித்தியைப் பார்த்து, "பிள்ளைங்க எத்தனை பேரும்மா ஒண்ணாப் படுக்குறாங்க?" என்று கேட்டார். ஏழு என்றதும், ஏழு பேருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு வாரத்துக்கு மருந்து எழுதினார். அத்தனை பேர் நகத்தையும் அன்றே வெட்டச் சொன்னார். பாய்களை வெயிலில் போட்டார்கள், போர்வைகள் வெந்நீரில் ஊறின. "இனிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்கம்மா" என்று ஆயாவிடம் அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆயா பதில் பேசவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் பொட்டுக்கடலை உருண்டை அந்தப் பையன் கைக்கும் வந்தது. சித்தி அடுக்களையில் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கு ஏழு நாள் சிரப்பும் வேண்டாம். 1970-களில் மெபெண்டசோலும், பிறகு ஆல்பெண்டசோலும் வந்தன. ஒரே ஒரு மாத்திரைதான், வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. மாத்திரை பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. வீட்டில் மிஞ்சிய முட்டையிலிருந்து புதிதாக வருவதைப் பிடிக்க இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை கொடுக்க வேண்டும். இரண்டாவது மாத்திரையை மறக்காத வீட்டை நான் இதுவரை அதிகம் பார்த்ததில்லை. அரிப்பு நின்றதும் மருந்துச்சீட்டும் மறைந்துவிடும்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அதன் குறி மண்வழி வரும் புழுக்கள். கீரிப்பூச்சியையும் அது கொல்லும் என்றாலும், அடுத்த மாத்திரை ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள் வீட்டிலுள்ள தாத்தா பாட்டி உட்பட யாரிடமிருந்தாவது பிள்ளைக்குத் திரும்ப வந்துவிடும். பேரப் பிள்ளையை மடியில் வைத்துச் சோறூட்டும் நாமும் மருந்து சாப்பிட வேண்டியவர்கள்தான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள்.

சிறுமிகளுக்கு இந்தப் பூச்சி முன்பக்கமும் போய்ச் சிறுநீர் எரிச்சல் உண்டாக்கும். விவரம் தெரியாத பெரியவர்கள் "சும்மா கையை வைக்காதே" என்று அடித்த அடிகளுக்குக் கணக்கில்லை. அடிப்பதற்குமுன், பிள்ளை தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் விளக்கோடு பாருங்கள். வெள்ளை நூல் நெளிவது கண்ணுக்கே தெரியும். எழுந்ததும் கழுவுவதற்கு முன்னால் ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்துக் கொடுத்தால், பரிசோதனைக் கூடத்தில் முட்டை தெரிந்துவிடும்.

மருந்து கொடுத்த இரண்டு வாரமும் விடிந்ததும் குளியல், தினம் ஒரு புது உள்ளாடை, ஒட்ட வெட்டிய நகம், சாப்பாட்டுக்குமுன் சோப்பு. போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள், உதறினால் முட்டை அறையெங்கும் பறக்கும். சென்ற மாதம் எதிர்வீட்டு மருமகள் இதே தொல்லையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் போய் வந்தாயிற்று, வீட்டிலுள்ள ஐந்து பேரும் முதல் மாத்திரை போட்டாயிற்று என்றாள். அவள் வீட்டுத் தினசரிக் காலண்டரைக் கழற்றி எடுத்துவரச் சொல்லி, பதினைந்தாம் நாள் தாளில் சிவப்பு மையால் 'ஐந்து மாத்திரை' என்று நானே எழுதிக் கொடுத்தேன்.