கரிசல் சாலையும் பந்தய வண்டியும்: விருதுநகர் வட்டாரத்து நெடுந்தூர மாட்டுவண்டிப் பந்தயம் தோன்றி வளர்ந்த விதம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் பூமியிலும், அதனை அடுத்த கோவில்பட்டி, ஓட்டப்பிடாரச் சீமையிலும், கோயிற் கொடையையும் பொங்கலையும் ஒட்டி நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயம், கொங்கு நாட்டில் ரேக்ளா என்று வழங்கும் பந்தயத்தினின்று அடிப்படையிலேயே வேறானது என்பதை முதற்கண் உணர்ந்துகொள்ள வேண்டும். கொங்கு நாட்டில் 200 அல்லது 300 மீட்டர் தூரத்தை ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே ஓடிக் கடக்க, அதற்குப் பிடித்த நேரத்தைக் கடிகாரம் கொண்டு கணக்கிட்டுப் பரிசளிப்பார்கள். இங்கோ பத்து, இருபது ஜோடிகள் ஒரே சமயத்தில் கொடியசைப்புக்குக் கிளம்பி, பொதுச் சாலையிலேயே ஓடி, குறித்துவைத்த எல்கையைச் சுற்றித் திரும்பி, போக வர எட்டு மைலோ பத்து மைலோ கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அங்கே சோதிக்கப்படுவது வேகம். இங்கே சோதிக்கப்படுவது வேகத்தோடு கூடிய நீடித்த பலம்.

இப்பந்தயத்தை ஆதரித்துப் பேசுவோர் பெரும்பாலும் இதனைச் சங்க காலத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். உப்பு வணிகராகிய உமணர் வண்டித் தொடர்களோடு நெடுவழி சென்றதும், அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று மற்றோர் அச்சை உடன் கொண்டதும் புறநானூற்றால் அறியப்படுகின்றனவாயினும், அவை பிரயாணத்துக்குச் சான்றாகுமேயன்றிப் பந்தயத்துக்குச் சான்றாகா. இன்றைய வடிவிலுள்ள நெடுந்தூரப் பந்தயம், பருத்தி வியாபாரமும், கப்பி போட்ட சாலையும், மைல்கல்லும் சேர்ந்து ஈன்ற குழந்தை என்பதே என் கருத்து. வயது குறைந்தது என்பதனால் அதன் கௌரவம் ஒரு சிறிதும் குறையாது. உழைப்பிலிருந்து பிறந்தது என்பதே அதற்குப் போதிய பெருமை.

இன்று விருதுநகர் எனப்படும் ஊர் 1923 வரையில் விருதுபட்டியாகவே இருந்தது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்படும் வரையில் சாத்தூர்ப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததாகையால், இங்கு விளைந்த பருத்தியும் திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரிலேயே அயல்நாட்டுச் சந்தைகளில் விலைபோயிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நிகழ்ந்து, அந்நாட்டுத் தென் ராஜ்யங்களின் பருத்தி இங்கிலாந்துக்குப் போய்ச் சேராமல் தடைப்பட்டபோது, இந்தியப் பருத்தியின் விலை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது. அந்நாளில் கரிசல் காட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரையில் பருத்திப் பொதியைச் சுமந்தது ரயில் அன்று. நாட்டு மாடு பூட்டிய பாரவண்டியே. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1870களின் நடுவில்தான்; சிவகாசிக்கு ரயில் வந்ததோ 1927இல்தான்.

வழிப்பறிக்கு அஞ்சி வண்டிகள் கூட்டமாகச் சென்றன. இரவில் அவை தங்குவதற்கென்று நாடார் உறவின்முறையினர் கிணறும் மதிற்சுவரும் உடைய பேட்டைகளை அமைத்து, அங்கே கைமாறும் சரக்குக்கு மகமை வாங்கி, அப்பணத்தைக் கோயிலுக்கும் பள்ளிக்கும் செலவிட்டனர். விருதுபட்டி, சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் என்னும் ஆறு ஊர்களும் இவ்வாறு வளர்ந்தவையே. நான்கைந்து நாள் வழியை ஒரே கூட்டமாகக் கடந்து, பாரம் இறக்கி, வெறும் வண்டியோடு வீடு திரும்பும் வண்டிக்காரர்களிடையே, எவன் மாடு முந்தும் என்ற கேள்வி எழாமல் இருந்திருக்க முடியாது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போனவர்களிடமும் இதே போட்டி மனம் இருந்தது என்பதை இப்பக்கத்து முதியோர் இன்றும் சுவைபடச் சொல்லுவர்.

பந்தயத்தின் காலத்தை நிர்ணயிக்க உதவும் சிறந்த சான்று பந்தய விளம்பரத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் நிறைவேறியது. சாலையோரக் கற்கள் கிலோமீட்டராக மாறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. நிலம் வாங்குவோரும் பஸ் ஏறுவோரும் மைலை மறந்துவிட்டனர். ஆயினும் பந்தய அறிவிப்பு இன்றளவும் தூரத்தை மைலில்தான் சொல்லுகிறது. வழக்கம் எந்த அளவையில் உருப்பெற்றதோ அந்த அளவையையே விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்வோமானால், காதமும் நாழிகை வழியும் மறைந்து, சர்க்கார் நட்ட மைல்கற்கள் சாலையோரங்களில் நிலைத்துவிட்ட பின்னரே பந்தயத்தின் விதிகள் திட்டமாக அமைந்தன என்று துணியலாம்.

இந்த இடத்தில், பருத்தியின் காரணமாகவே நம்மோடு தொடர்புடைய மற்றொரு பிரதேசத்தில் நிகழ்ந்த ஒரு பந்தயத்தை நோக்குவது பயன்தரும். அமெரிக்காவில் தென் கரோலினா ராஜ்யத்து டார்லிங்டன் என்னும் சிற்றூரில், பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த புலம் ஒன்றை ஹெரால்ட் பிரேசிங்டன் என்பவர் விலைக்கு வாங்கி, 1950 செப்டம்பர் 4ஆம் தேதியன்று, கடையில் விற்பனையாகும் சாதாரண மோட்டார் வண்டிகளைக் கொண்டே 500 மைல் பந்தயம் ஒன்றை நடத்தினார். நிலத்தை விற்றவர் தம் மீன்குட்டையைத் தூர்க்கலாகாது என்று நிபந்தனை விதித்திருந்தமையால், ஓடுபாதை ஒரு முனையில் குறுகி முட்டை வடிவம் பெற்றது. இன்றும் அது அவ்வடிவிலேயே இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மைலாக 400 சுற்றுகள். புறப்பட்ட வண்டிகள் 75. வேகமான வண்டிகளின் டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து வீழ்ந்தன. மாற்று டயர் தீர்ந்துபோய், பந்தயம் பார்க்க வந்தவர்களின் வண்டிகளிலிருந்து கழற்றி மாட்டியவர்களும் உண்டு. ஜானி மான்ட்ஸ் என்பவரோ, அதிக வேகமில்லாத பிளிமத் வண்டியில் லாரிக்குரிய கெட்டி டயரை மாட்டிக்கொண்டு, நிதானம் தவறாமல் ஓட்டி, ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், மணிக்குச் சராசரி 75 மைல் வேகத்தில் முதலாவதாக வந்தார். அந்தப் பிளிமத், பந்தயத்துக்கு முந்திய நாட்களில் ஊருக்குள் சில்லறை வேலைகளுக்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியாம்.

இதற்கு முந்திய ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, இந்தப் பந்தயத் தொடரின் முதல் போட்டி ஷார்லட் நகரில் நடந்தபோது, முதலில் வந்த கிளென் டன்னவேயின் ஃபோர்டு வண்டி, பின்புற வில்கள் மாற்றப்பட்டிருந்த காரணத்தால் விலக்கப்பட்டது. கள்ளச் சாராயம் கடத்துவதற்காகச் செய்த மாற்றம் அது; அதாவது வண்டியின் தொழிலே அதற்கு அந்த வில்லைக் கொடுத்திருந்தது. அவ்வண்டியின் சொந்தக்காரர் நீதிமன்றம் சென்றும் தோற்றார். மறு ஆண்டு டார்லிங்டனில் வென்ற பிளிமத்துக்கும் அவரே பங்குதாரர்களில் ஒருவர். உழைக்கும் வண்டி எது, பந்தய வண்டி எது என்று கோடு கிழிக்கும் தகராறு பந்தயத்தின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. சில பத்தாண்டுகளுக்குள் அவ்வண்டிகள் பெயரளவில் மட்டுமே கடை வண்டிகளாக நின்றன.

நம் கரிசலிலும் இதே பரிணாமம், ஆரவாரமின்றி, கொல்லுப் பட்டறைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் நிகழ்ந்திருக்கிறது. பருத்திப் பொதியையும் குப்பை உரத்தையும் சுமந்த பாரவண்டிக்கு அகன்ற பலகைத் தட்டும், கனத்த குடமும், தடித்த ஆரக்கால்களும், வட்டையின்மேல் சூடேற்றி இறுக்கிய இரும்புப் பட்டையும் இன்றியமையாதவை. பந்தயத்துக்கென்று செய்த வண்டியிலோ தட்டு சுருங்கிவிட்டது, சாரதி கால் ஊன்ற எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவே மிஞ்சியது, கனம் கழிக்கப்பட்டது. அது ஒரு மூட்டை நெல்லைக்கூட ஏற்றாது. அதுபோலவே பந்தய மாடும் உழவுக்குப் பூட்டப்படாமல் தனித் தீனியும் தனிப் பழக்கமும் பெற்று வளர்கிறது. டிராக்டரும் லாரியும் வந்து, சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுச் சரக்கும் லாரியிலேயே வடநாடு செல்லத் தொடங்கிய பின்னர், பாரவண்டி ஊரை விட்டு மறைந்தது. அதன் வாரிசாகப் பந்தய வண்டி மட்டும் நின்றது. வண்டித் தச்சனின் கைத்திறன் இவ்வட்டாரத்தில் அறவே அற்றுப்போகாமல் இருப்பதற்கு இந்தப் பந்தயமும் ஒரு காரணமாகும்.

மாடுகளின் வளர்த்தியையும் பல்லையும் பார்த்துப் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று வகுத்து, பெரியதற்கு அதிகத் தூரமும் இளையதற்குக் குறைந்த தூரமும் விதிப்பது நுட்பமான ஏற்பாடு. சாரதி கயிற்றைப் பிடிக்க, துணைச் சாரதி இறங்கி ஓடியும் ஏறியும் மாட்டை முடுக்குவார். பரிசு அறிவிக்கும்போது ஊர்ப் பெயரும் மாட்டின் சொந்தக்காரர் பெயருமே முன் நிற்கும். டார்லிங்டனில் ஓட்டியவன் பெயர் நிலைத்தது. இங்கே நிலைப்பது ஊரின் பெயர்.

இப்பந்தயம் சட்டத்தோடு கொண்ட தொடர்பு பலரும் அறியாதது. நாடே பேசிய ஜல்லிக்கட்டு வழக்கின் தொடக்கம் ஜல்லிக்கட்டு அன்று, வண்டிப் பந்தயம். ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வந்த மனுவை விசாரித்தே, 2006 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி, பந்தயங்களோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடைசெய்தார். மறு ஆண்டு அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் மீண்டும் தடுத்தது. மாடுகளைத் தார்க்குச்சியால் குத்துவதும் வாலை முறுக்குவதும் உண்மையிலேயே நடந்த கொடுமைகள். அவற்றை மறைத்துப் பந்தயத்தைப் புகழ்வது மாட்டுக்கும் துரோகம், மரபுக்கும் துரோகம். 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட ஜனசமுத்திரத்தின் விளைவாகத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் பிறந்தது. 2023 மே 18இல் ஐவர் அமர்வு அதனைச் செல்லும் என்றது. ஆனால் அச்சட்டம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்திருக்க, மகாராஷ்டிரச் சட்டத்திலும் கர்நாடகச் சட்டத்திலும் பெயர் பெற்ற வண்டிப் பந்தயம், வழக்குக்கே வித்திட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தில் பெயர் பெறவில்லை.

இச்சரித்திரத்துக்கு ஆதாரமாகக் கூடியவை கல்வெட்டுகளோ செப்பேடுகளோ அல்ல. ஊர்தோறும் விழாக் குழுவினர் அச்சிட்டு வழங்கிய விளம்பரத் தாள்களே. நாள், தூரம், மாட்டின் வகுப்பு, பரிசுத் தொகை எல்லாம் அவற்றில் உண்டு. மூன்று தலைமுறையாக அச்சுத் தொழிலால் வாழும் சிவகாசியைத் தன்னகத்தே கொண்ட இந்த ஜில்லாவில், அத்தாள்கள் பொட்டலம் மடிக்கப்பட்டு அழிவது பெருங்குறை. வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ அவற்றை வைத்திருக்கும் அன்பர்கள், வருஷத்தைக் குறித்து, அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.