சிப்பாயின் மஸ்டாங், கர்னலின் குட்டிக் கார்

அமெரிக்க ராணுவத்தில் ஒரு பழைய கேலி உண்டு. பயிற்சி முடித்து முதல் சம்பளம் வாங்கிய 19 வயதுப் பையன் நேராக எங்கே போவான்? முகாம் வாசலுக்கு எதிரில் இருக்கும் கார் கடைக்கு! அங்கே பளபளக்கும் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை, சொன்ன விலைக்கும் சொன்ன வட்டிக்கும் கையெழுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டு வருவான். பத்து வருடம் கழித்து அவனே சார்ஜென்ட் ஆகி, மனைவி குழந்தைகளோடு பிக்கப் டிரக்கிலோ மினி வேனிலோ போவான். புதிதாக மஸ்டாங் வாங்கி வரும் பொடியனைப் பார்த்து, "வட்டி எவ்வளவு தம்பி?" என்று சிரிப்பான். இன்னும் மேலே இருக்கும் கர்னலோ பத்து வருடப் பழைய சாதாரணக் காரில் அமைதியாக வந்து இறங்குவார்.

வேடிக்கையாக இல்லை? பதவி உயர உயரக் காரும் உயரும் என்றுதான் நாம் நினைப்போம். இந்தக் கேலியில் அது தலைகீழாக இருக்கிறது. "இளம் ரத்தம், அப்படித்தான்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நூறு வருட வரலாற்றைப் புரட்டினால் வேறொரு காரணமும் கிடைக்கிறது. பதவி என்பது தோளில் குத்திய பட்டை மட்டும் இல்லை. ஒருவருக்கு யார் கடன் தருவார்கள், யார் இன்சூரன்ஸ் தருவார்கள், என்ன விலைக்குத் தருவார்கள் என்பதையும் அதுதான் தீர்மானித்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

21 டாலர் சிப்பாய்

முதலில் 1920களுக்குப் போவோம். 1922இல் அமெரிக்கா ராணுவச் சம்பளத்தை மாற்றி அமைத்தது. கடைநிலைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 21 டாலர். இரண்டாம் லெப்டினன்ட், அதாவது அதிகாரிகளில் கடைசிப் படியில் இருப்பவர், வருடத்துக்கு 1,500 டாலர் வாங்கினார். மாதம் 125 டாலர்.

அந்தக் காலத்தின் மிக மலிவான கார் ஃபோர்டு மாடல் டி. 1925இல் அதன் இரண்டு பேர் உட்காரும் ரகம் 260 டாலருக்குக் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லெப்டினன்டுக்கு அது இரண்டு மாதச் சம்பளம். சிப்பாய்க்கோ பன்னிரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் போதாது! ஆகவே அன்று சிப்பாய் என்ன கார் வாங்கினான் என்ற கேள்விக்கே பெரும்பாலும் இடம் இல்லை. கார் என்பது அதிகாரிகளின் பொருளாக இருந்தது.

ஹோட்டல் அறையில் 25 அதிகாரிகள்

அதிகாரிகளுக்கும் ஒரு தலைவலி இருந்தது. ராணுவத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள், "நாளைக்கு எங்கே இருப்பார் என்று தெரியாத ஆள்" என்று அவர்களுக்குப் பாலிசி தரத் தயங்கின.

1922 ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரத்தில், குன்டர் ஹோட்டலில் 25 ராணுவ அதிகாரிகள் கூடினார்கள். வெளியார் யாரும் வேண்டாம், நம் கார்களுக்கு நாமே ஒருவருக்கொருவர் இன்சூரன்ஸ் கொடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். இன்று யு.எஸ்.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் மிகப் பெரிய நிதி நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. அதிகாரிகள் ஒழுங்காகப் பணம் கட்டுவார்கள், ஊர் மாறினாலும் காணாமல் போய்விட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது வளர்ந்தது.

1936இல் கெய்கோ என்ற இன்னொரு இன்சூரன்ஸ் நிறுவனம் தொடங்கியது. லியோ குட்வின் என்பவரும் அவர் மனைவி லில்லியனும் ஆரம்பித்தது. மத்திய அரசு ஊழியர்களும் சார்ஜென்ட் வகுப்பில் மேல் மூன்று படிகளில் இருந்த ராணுவத்தினரும்தான் அதன் வாடிக்கையாளர்கள். கவனித்தீர்களா? மேல் மூன்று படிகள்! பல வருடம் சேவை செய்து, வயதும் ஏறி, பொறுப்பு வந்த ஆட்கள். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு அங்கேயும் இடம் இல்லை.

யு.எஸ்.ஏ.ஏ. சாதாரணச் சிப்பாய்களை உறுப்பினர்களாகச் சேர்க்கத் தொடங்கியது 1996இல்தான். தொடங்கி 74 வருடங்கள் கழித்து!

போரும் பைக்கும்

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் ஜீப்பும் டாங்கும் செய்யப் போய்விட்டன. அதே 1942இல் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டாலராக உயர்ந்தது. கையில் பணம் சேர்ந்தது, வாங்கக் கார் இல்லை. அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத கிராமத்துப் பையன்கள் பலர் ராணுவத்தில் ஜீப்பும் லாரியும் ஓட்டக் கற்றார்கள். இஞ்சினைப் பிரித்து மாட்டவும் கற்றார்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் சிலர் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, இஞ்சினை மாற்றி, வேகமாக ஓடும் 'ஹாட் ராட்' வண்டிகளாக ஆக்கினார்கள். இந்த மோகம் எவ்வளவு பரவியது என்றால், 1948 ஜனவரியில் அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது. வேறு சிலர் மோட்டார் சைக்கிள் பக்கம் போனார்கள். போருக்காக ஹார்லி டேவிட்சன் செய்த பைக்குகள் போருக்குப் பிறகு உபரியாக விற்பனைக்கு வந்தன. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிறு ஊரில் நடந்த பைக் விழா ரகளையில் முடிந்து நாடெங்கும் செய்தியானது. அங்கே வந்த பைக் கிளப்புகளில் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மரணத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அமைதியான ஊர் வாழ்க்கை சலித்திருக்கலாம். இளம் வீரன் என்றால் வேகமான வண்டி என்ற படிமம் மக்கள் மனதில் பதிந்தது இந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன்.

முகாம் வாசலில் கடைகள்

அடுத்த பெரிய திருப்பம் 1970களில் வந்தது. கட்டாய ராணுவ சேவை 1973இல் முடிந்தது. இனி ஆட்கள் தாங்களாக வந்து சேர வேண்டும். அதற்காக 1971 இறுதியிலேயே கடைநிலைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிட்டார்கள்.

இப்போது விற்பவர்களின் கண்ணோட்டத்தில் பாருங்கள். 19 வயதுப் பையன். தங்குமிடமும் சாப்பாடும் ராணுவத்தின் செலவு. மாதம் தவறாமல் அரசாங்கச் சம்பளம். வீட்டைப் பிரிந்து வந்திருக்கிறான், பக்கத்தில் அறிவுரை சொல்ல அப்பா அம்மா இல்லை. முன்பு கடன் வாங்கிய அனுபவமும் இல்லை. இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா? பெரிய ராணுவ முகாம்களின் வாசலில் கார் கடைகளும் அடகுக் கடைகளும் வட்டிக் கடைகளும் வரிசையாக முளைத்தன.

அவர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியை, கைக்கு வருவதற்கு முன்பே, வேறொருவருக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு ராணுவத்தில் உண்டு. குடும்பத்துக்குப் பணம் அனுப்பப் பயன்பட்ட வழி அது. கார் தவணையும் அதே வழியில் பிடிக்கப்பட்டது. பையன் போர்முனையில் இருந்தாலும் தவணை தவறாது!

தவணை கட்டாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். சாதாரண ஆளுக்குக் கார் போகும். ராணுவத்தில் இருப்பவருக்குக் கடன் சிக்கல் வந்தால், ரகசிய வேலைகள் செய்வதற்கான பாதுகாப்பு அனுமதியே பறிபோகலாம். அதோடு அந்த வேலையும் போகும். ஆகவே வயிற்றைக் கட்டியாவது கட்டிவிடுவான் என்பது விற்பவருக்கும் தெரியும்.

ஒரே கார், இரண்டு விலை

வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவரைச் செல்லமாக 'பசு' என்பார்கள். அந்த வருடத்தில் வருங்கால அதிகாரிகளுக்கென்று ஒரு சிறப்புக் கடன் கிடைக்கும். அதன் பெயர் 'பசுக் கடன்'. முப்பதாயிரம் டாலருக்கு மேல், வருடத்துக்கு 0.75 சதவீத வட்டியில்கூட அது கிடைத்திருக்கிறது. எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். பலர் முதலில் வாங்குவது கார்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30,000 டாலர் கார், ஆறு வருடத் தவணை. 0.75 சதவீத வட்டி என்றால் மாதம் 426 டாலர் கட்ட வேண்டும். மொத்த வட்டி 700 டாலருக்கும் குறைவு. அதே காருக்கு, கடன் வரலாறு இல்லாத சிப்பாயிடம் 20 சதவீத வட்டி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 719 டாலர். மொத்த வட்டி மட்டும் 21,000 டாலரைத் தாண்டுகிறது! 2024இல் கடைநிலைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 2,017 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்கே போய்விடும். இன்சூரன்ஸும் பெட்ரோலும் தனி.

இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் ஆசைப்படுவதும் ஒரே மாதிரிக் காருக்குத்தான். ஆனால் ஒருவரை ஊதாரி என்று கேலி செய்கிறோம், மற்றவரைச் செய்வதில்லை.

வயது செய்யும் வேலை

அப்படியானால் வயதுக்கும் ரசனைக்கும் பங்கே இல்லையா? நிச்சயம் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள். 1959இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரும் ராணுவ விமானிகள். ஜிம் ராத்மன் என்ற கார் விற்பனையாளர் விண்வெளி வீரர்களுக்கு வருடம் ஒரு டாலர் வாடகையில் செவர்லே கார்கள் கொடுத்தார். ஆலன் ஷெப்பர்டு போன்றவர்கள் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் பறந்தார்கள். ஆனால் ஏழு பேரில் வயதில் மூத்தவரான ஜான் கிளென், கடற்படைக் காலாட்படையில் லெப்டினன்ட் கர்னல், ஓட்டியது என்.எஸ்.யு. பிரின்ஸ் என்ற ஜெர்மன் நாட்டுக் குட்டிக் கார்! பெட்ரோல் மிச்சமாகும், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் சேரும் என்பது அவர் கணக்கு. விமானத்தில் வேகத்துக்குப் பஞ்சம் இல்லாதவருக்குச் சாலையில் அது தேவைப்படவில்லை போலும்.

வேகமான வண்டியின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2008 நிதியாண்டில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை மோட்டார் சைக்கிள் விபத்துகளில் 25 வீரர்களை இழந்தது. அதே காலத்தில் ஈராக்கில் எதிரிகளால் கொல்லப்பட்டவர்கள் 20 பேர். அந்த 25 பேரில் 24 பேர் ஓட்டியது ஸ்போர்ட்ஸ் பைக். போரில் பிழைத்தவர்கள் ஊர்ச் சாலையில் இறந்தார்கள். அதன் பிறகு அந்தப் படையில் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுபவர்களுக்குத் தனிப் பயிற்சி கட்டாயமானது.

சட்டம் வந்தது, தாமதமாக

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2003இல் வந்த சட்டம், 180 நாளோ அதற்கு மேலோ வெளியே பணிக்கு அனுப்பப்படும் வீரர் வாடகை ஒப்பந்தத்தில் எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்க வழி செய்தது. சேவையில் சேருவதற்கு முன் வாங்கிய கடனுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்பதும் சட்டம். ஆனால் மஸ்டாங் வாங்குவது சேர்ந்த பிறகுதானே! 2006இல் இயற்றப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், வீரர்களுக்குக் கொடுக்கும் கடன்களுக்கு 36 சதவீத உச்சவரம்பு வைத்தது. வாங்கும் காரையே ஈடாக வைத்துக் கொடுக்கும் கார் கடனுக்கோ அதிலிருந்து விலக்கு!

2013இல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, சம்பளப் பிடித்தம் வழியாக நடந்த ஒரு கார் கடன் திட்டத்தில் கட்டண விவரங்கள் மறைக்கப்பட்டதாகக் கண்டு, வீரர்களுக்குச் சுமார் 65 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. 2015 ஜனவரி முதல் கார் போன்ற பொருள்களை வாங்கப் புதிதாகச் சம்பளப் பிடித்தம் போடக்கூடாது என்று ராணுவ அமைச்சகமே தடை விதித்தது.

முடிவாக

2000களின் இறுதிவரை பல அமெரிக்க முகாம்களில் கார்களின் முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதிகாரி என்றால் நீலம், சிப்பாய் என்றால் சிவப்பு. காரைப் பார்த்ததும் வாசல் காவலர் சல்யூட் அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்வார். அந்த ஸ்டிக்கர்கள் இப்போது வழக்கொழிந்துவிட்டன. ஆனால் கடன் பத்திரத்தில் இருக்கும் வட்டி விகிதம், கண்ணுக்குத் தெரியாத ஸ்டிக்கராக இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

வயது ஏறினால் மனிதன் நிதானமாகிறான் என்பது உண்மைதான். கூடவே அவனுக்குப் பணமும் மலிவாகக் கிடைக்கத் தொடங்குகிறது. எதுவும் தெரியாத வயதில், கையில் எதுவும் இல்லாத நேரத்தில்தான் அதே கார் அதிக விலைக்கு விற்கப்படுகிறது. அடுத்த முறை மஸ்டாங் சிப்பாய் கேலியைக் கேட்டால் சிரியுங்கள், தப்பில்லை. அந்தக் கடையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.