எந்த எண்ணின் கீழ்?

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக் கோயிலில், கல்வெட்டுகள் காப்பாற்றப்பட்ட கதையை ஒரு கல்வெட்டே சொல்கிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிக்கும் முன் சுவரிலிருந்த சாசனங்களைப் புத்தகத்தில் படியெடுத்தார்கள். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1026இல், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.

கோயிலின் உடைமைக்கு அவை சான்று. அதனால் அவற்றைக் காக்க அரசாணை இருந்தது. உடைமையற்றவர்களின் எழுத்தை யார் படியெடுப்பார்கள்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுத்துக்காக இந்தப் பணியைச் செய்தவர்களில் முக்கியமானவர் நூலகர் டோரதி போர்ட்டர். வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1973 வரை கறுப்பின வரலாற்றுத் தொகுப்பை வளர்த்தார். போதிய பணம் இல்லாததால் பதிப்பாளர்களிடமும் புத்தக வணிகர்களிடமும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். சேர்த்ததை அடுக்கும்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. நூலகங்கள் பின்பற்றிய டியூயி தசமப் பகுப்பில் 325 குடியேற்றம், 326 அடிமைமுறை. கறுப்பினக் கவிஞர் எழுதிய கவிதை நூலைக்கூட அந்த எண்களுக்குள்ளேயே அடைத்துவந்தார்கள். போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் வகைப்படுத்தினார்.

நம்மிடமும் இதற்கு இணையான கதை உண்டு. அயோத்திதாசர் 1907 முதல் 1914இல் இறக்கும்வரை 'தமிழன்' இதழை நடத்தினார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் நூல்களாக வெளிவரத் தொடங்கியது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். அத்தனை காலமும் தமிழ் இதழியல் வரலாற்றைப் படித்த மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்?

இன்று பழைய இதழ்கள் மின்னுருவாகின்றன. ஆனால் படம்பிடித்தால் மட்டும் போதாது. எந்தச் சொல்லைத் தேடினால் ஒரு நூல் அகப்படும் என்பதை அட்டவணை எழுதுபவரே முடிவுசெய்கிறார். பாமாவின் 'கருக்கு' (1992) 'தலித் இலக்கியம்' என்ற ஒரே தலைப்பில் இருந்தால், தன்வரலாறு தேடும் மாணவிக்கு அது கிடைக்காது. தலித் என்ற சொல்லை நீக்கிவிட்டால், அந்த அடையாளத்தோடு தேடுபவள் வெறுங்கையோடு திரும்புவாள். மர அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான். மின்னட்டவணையிலோ தன்வரலாறு, பெண் எழுத்து, தலித் இலக்கியம் என எத்தனை தலைப்பிலும் அதை வைக்கலாம்.

ஆகவே, நூலகத்தில் உங்களுக்கு வேண்டிய பெண்ணின் பெயர் கிடைக்கவில்லை என்றால், அவள் எழுதவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவளை எந்த எண்ணின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.