தோலும் இருக்கையும்: வாசனை பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

சென்ற மாதம் என்னுடைய பழைய அம்பாசிடர் காரின் முன்னிருக்கைக்குத் தோலுறை மாட்டினேன். குஷன் கடைக்குக் கொடுக்கவில்லை. தைத்த உறையைச் சென்னையில் வாங்கிவந்து, வீட்டுவாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்து முடித்தேன். இதைப் போய்க் கட்டுரையா எழுதணுமா என்று தோழர்கள் கேட்கலாம். வரலாறு ஆவணக் காப்பகத்தில் மட்டும் இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இது வெட்டி வேலையாகத்தான் படும். ஆனால் கிழித்துத் திறந்த ஓர் இருக்கைக்குள் ஒரு நூற்றாண்டின் வர்க்கமும் சாதியும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன என்பது என் அனுபவம்.

போல்டுகளைக் கழற்றி இருக்கையை வெளியே எடுத்துக் கவிழ்த்தால், உறையின் ஓரங்கள் இரும்புச் சட்டத்தோடு கம்பி வளையங்களால் பிணைக்கப்பட்டிருப்பது தெரியும். ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். மேலே ரெக்ஸின், அதன் அடியில் பொடிந்துபோன நுரை, அதற்கடியில் தென்னைநார், சாக்குத்துணி, கடைசியில் ஸ்பிரிங். புது உறையைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து இளக்கி, நடுப்பள்ளத்திலிருந்து ஓரங்களை நோக்கி இழுத்து, கம்பி கோத்து, வளையங்களை இடுக்கியால் நெரிக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். அப்படிப் பிரித்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. உட்காரும் பரப்பும் சாயும் பரப்பும் மட்டுமே தோல். பக்கங்களும் பின்புறமும் தோல்போல ரேகை பதித்த பிளாஸ்டிக். கார்களுக்கென்று வரும் பெரும்பாலான தோலின் மேலேயும் நிறமும் பாலியூரித்தேன் படலமும் பூசப்படுகின்றன. ஆக, கை தொடுவது பிளாஸ்டிக்கை. பெயர் மட்டும் தோல்.

தோலிருக்கை என்றாலே செல்வம் என்பது இன்று இயற்கை விதி போல நிறுவப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் அப்படி இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்கச் சீமான்களுக்குக் கட்டப்பட்ட கார்கள் பலவற்றில் ஓட்டுநர் திறந்த வெளியில் உட்கார்ந்தார். மழை, வெயில், சேறு எல்லாம் அவர்மேல்தான். அதனால் அவருக்குத் தோல், துடைத்தால் போதும். பின்னால், மூடிய அறைக்குள் அமர்ந்த எஜமானருக்கு மென்மையான கம்பளித் துணி. குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. இதன் மிச்சத்தை 2006இல் ஜப்பானியப் பேரரசருக்காக டொயோட்டா செய்த செஞ்சுரி ராயல் காரில் பார்க்கலாம். முன்னிருக்கைக்குத் தோல், பேரரசர் அமரும் பின்பகுதிக்குக் கம்பளி.

பணியாளின் தோல் எப்படி எஜமானரின் தோலானது? நகல் பெருகியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் வாதம். அமெரிக்காவின் டூபாண்ட் வெடிமருந்து செய்து வளர்ந்த நிறுவனம். அது 1910இல் ஃபேப்ரிகாய்ட் என்ற செயற்கைத் தோல் கம்பெனியை விலைக்கு வாங்கியது. பருத்தித் துணியில் ஆமணக்கெண்ணெய் கலந்த நைட்ரோசெல்லுலோஸைப் பூசி, தோலின் ரேகைகளை அழுத்திப் பதித்தால் செயற்கைத் தோல் தயார். புகையில்லா வெடிமருந்துக்கும் அடிப்படை அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். ஃபோர்டின் மாடல் டி காரில் முதலில் இருந்த நிஜத் தோலின் இடத்தைப் பின்னர் செயற்கைத் தோல் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் இதே ரகச் சரக்கின் வணிகப் பெயர் ரெக்ஸின். அந்தப் பேருதான் நம்மூர்ல பையிலேர்ந்து பஸ் சீட்டு வரைக்கும் பொதுப்பேரா ஆயிருச்சு. இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பிவிசி. எல்லோரும் போலித் தோலில் உட்கார முடிந்த பிறகு, அசல் தோல் வேறுபாட்டின் அடையாளமாயிற்று.

அந்த அசலின் கதை நம் பக்கத்திலும் ஓடுகிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ சரக்கு என்ற பெயரில் சென்னை மாகாணத்திலிருந்து பிரிட்டனுக்குப் போனது. 1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோமியத்தால் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆகிற வேலையை குரோமியம் வெகுவாகச் சுருக்கியது. டேனரிக் கழிவுகள் பாலாற்றில் சேர்ந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

தீர்ப்பில் ஆறு இருக்கிறது, நிலத்தடி நீர் இருக்கிறது. சுண்ணாம்புக் குழியில் நின்றவரின் கால் அந்த அளவுக்கு இல்லை. என் அப்பா அந்தக் குழியில் வேலை பார்த்தவர். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, புரட்டி, தூக்கிப் போடும் வேலை. விரலிடுக்குகள் வெந்திருக்கும்.

உறை மாட்டி முடித்த அன்று வந்த நண்பர் கார்க் கதவைத் திறந்ததும், “ஆஹா, என்னா லெதர் வாசனை!” என்றார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு சொன்னார்: “உங்கப்பா வேலை முடிஞ்சு பஸ்ல ஏறுனா பக்கத்து சீட்டு காலியாயிடும். அப்ப யாரும் வாசனைன்னு சொல்லல.”

இன்று அந்த ‘வாசனை’ தனியாகப் புட்டியிலும் கிடைக்கிறது, காருக்குள் பீய்ச்சிக்கொள்ளலாம். தோல் கை மாறி மாறிப் போகப் போகச் சுத்தமாகிறது. உரித்தவரும் ஊறவைத்தவரும் தீட்டோடு அங்கேயே நிறுத்தப்படுகிறார்கள். தோலுக்கு மதிப்பு ஏறுவதும் அவர்கள் பார்வையிலிருந்து மறைவதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். பதிலடியாக சுரேந்திரநகரில் தலித்துகள் மாட்டுச் சடலங்களை ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். மறைக்கப்பட்ட உழைப்பை நாற்றத்தோடு நடுத்தெருவுக்குக் கொண்டுவந்த அரசியல் அது.

இருக்கையின் வரலாற்றை உட்கார்ந்தவரிடமிருந்து தொடங்கினால், கம்பளியும் தோலும் மாறிமாறி வரும் ரசனைக் கதையாகத்தான் அது முடியும். உரித்தவரிடமிருந்து தொடங்கினால் அதே இருக்கை வேறொன்றாகத் தெரியும். நான் அந்தக் காரை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் சுகமாக உட்கார்ந்திருப்பதை மறைக்கவும் விரும்பவில்லை. பின்னிருக்கை இன்னும் பழைய ரெக்ஸினோடுதான் கிடக்கிறது. அம்மா அங்கேதான் உட்காருகிறார்.