திருவையாற்றிற் காணவேண்டிய இரண்டு

நம் சங்கத்து அன்பர் பலர் திருவையாறு சென்றால் காவிரியில் நீராடி, ஐயாறப்பரைத் தொழுது, அன்றே திரும்பிவிடுகின்றனர். தஞ்சையினின்று வருவோர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்தையும் கடந்தே ஊருட் புகுவராதலின், பெயர்க்காரணம் வழியிலேயே விளங்கிவிடும். யாம் கூறப்புகுந்தது வேறு.

கோயிலின் வடபால் உத்தரகைலாசம் என்றொரு கற்றளி உளது. அது முதலாம் இராசராசன் (985–1014) தேவியாகிய தந்திசக்தி விடங்கி என்னும் உலோகமாதேவியார் எடுப்பித்தது. கல்வெட்டுக்கள் அதனை உலோகமாதேவீச்சுரம் என வழங்கும். தஞ்சையில் வேந்தன் எடுத்த கோயிலை அண்ணாந்து நோக்குவோர், தேவி எடுத்ததனைத் திரும்பியும் பாரார். யாமும் முதன்முறை அங்ஙனமே வந்துவிட்டோம்.

மற்றொன்று ஆற்றங்கரையில் உள்ள தியாகையர் சமாதி. 1847-இல் அவர் சித்தியடைந்தபின் அவ்விடம் பேணுவாரின்றிச் சிதைந்தது. 1903-இல் உமையாள்புரத்துப் பாகவதர் இருவர் அதனைச் சீர்செய்தனர். இன்று நாம் காணும் கோயிலோ பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பாட்டால் ஈட்டிய பொருளைக்கொண்டு அமைத்தது. 1926-இல் குடமுழுக்கு நடந்தேறியது. ஆயினும் ஆராதனை நாளில் அங்குப் பாட மகளிர்க்கு இடந்தந்தாரிலர். கோயில் கட்டியவர்க்கே அந்நிலை! அம்மையார் வழக்காடிச் சோர்ந்தாரல்லர். 1927 முதல் மகளிரைக் கூட்டித் தனியே ஆராதனை நிகழ்த்தினார். 1940-ஐ ஒட்டியே கட்சிகள் ஒன்றாகி, மகளிர்க்கும் இடம் உண்டாயிற்று. 1952-இல் அவர் மறைந்தார். சமாதியை நோக்கி அமர்ந்துள்ள அவர்தம் உருவச்சிலையைப் பெண்மக்களோடு செல்வோர் நின்று காட்டி வருக.