கல்லீரல் மாற்றமும் அதற்கு வழிகாட்டிய விலங்குகளும்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பெருஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாக உள்ள ஊர் இருங்காட்டுக்கோட்டை. இராமாநுசர் அவதரித்த தலம் என்றே நம் முன்னோர் போற்றிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம், இன்று ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்து விளங்குகிறது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கின. பழுதுபட்ட உறுப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது அங்குள்ள தொழிலாளருக்குச் சிறிது நேரத்து வேலை. அதே ஆண்டு நவம்பரில், அதே சாலையின் வழியில் உள்ள காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு, புதுதில்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில் வேறொருவகை உறுப்பு மாற்றம் நிகழ்ந்தது. இரண்டு வயதும் நிறையாத அக்குழந்தைக்குப் பித்த நாளங்கள் பிறவியிலேயே அடைபட்டிருந்தன. தந்தையார் தம் கல்லீரலின் ஒரு பகுதியை ஈந்தார். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியுடன் முடிந்த முதற் கல்லீரல் மாற்றம் இதுவே. அக்குழந்தை வளர்ந்து பின்னாளில் மருத்துவருமானார்.

இவ்வெற்றிக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் முற்பகுதி முழுவதும் நாய்களின் வரலாறு.

1955-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து வெல்ச் என்னும் அறுவை மருத்துவர், நாயின் சொந்தக் கல்லீரலை அகற்றாமலே, மற்றொரு நாயின் கல்லீரலைத் துணையாக வயிற்றினுள் வைத்துப் பார்த்தார். வைத்த ஈரல் நாளடைவில் சுருங்கிப் போயிற்று. உடல் அயற்பொருளை வெறுத்துத் தள்ளியதே காரணம் என்று கருதினர். அது பாதி உண்மையே. குடலிலிருந்தும் கணையத்திலிருந்தும் வரும் இரத்தம் போர்ட்டல் சிரையின் வழியே ஈரலுக்குள் பாய்தல் வேண்டும். அவ்விரத்தத்திலுள்ள இன்சுலின் முதலியவையே ஈரலை வளர்ப்பவை. வெல்ச் வைத்த ஈரலுக்கு அவ்விரத்தம் கிட்டவில்லை. இதனைத் தெளிந்துகொள்ளப் பல ஆண்டுகளும் மேலும் பல நாய்களும் வேண்டியிருந்தன.

1958-ஐ ஒட்டி, பாஸ்டனில் மூர் என்பாரும் சிகாகோவில் தாமஸ் ஸ்டார்ஸல் என்பாரும், பழைய ஈரலை முற்றும் நீக்கி அவ்விடத்திலேயே புதியதைப் பொருத்தும் முயற்சியில் தனித்தனியே இறங்கினர். இரத்தக் குழாய்களைக் கட்டியவுடன் நாய்கள் மாண்டன. கீழுடலிலிருந்து இதயத்துக்குத் திரும்பவேண்டிய இரத்தம், மதகு அடைத்த வாய்க்கால்போல் தேங்கிவிட்டதே இதற்குக் காரணம். தேங்கிய இரத்தத்தைப் பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கழுத்துப்புறச் சிரைக்குத் திருப்பிவிட்டபோது நாய்கள் பிழைத்தன. குழாய் இன்றியமையாதது என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர் வந்தனர்.

1963 மார்ச்சு 1-ஆம் நாள், டென்வர் நகரில் ஸ்டார்ஸல் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இச்சிகிச்சையைச் செய்தார். காஞ்சிக் குழந்தைக்கு இருந்த நோயே அதற்கும். இரத்தப் பெருக்கை நிறுத்த இயலாமல் அக்குழந்தை அறுவை மேசையிலேயே உயிர் நீத்தது. அவ்வாண்டில் தொடர்ந்து சிகிச்சை பெற்றவருள்ளும் ஒருவரேனும் ஒரு மாதம் வாழ்ந்தாரில்லை. நாய்களைக் காத்த குழாயே மனிதருக்குப் பகையாயிற்று. திசைமாறிய இரத்தம் உறைந்து, அவ்வுறைகட்டி நுரையீரலை அடைத்தது. நெடுநாள் ஈரல் நோயுற்ற மனிதர் உடலில், இரத்தம் தானே புதிய கிளைவழிகளைத் தேடிக்கொண்டிருக்கும். ஆதலால் பலருக்கு அக்குழாய் தேவையே இல்லை. நலமுள்ள நாய்க்கு அவ்வழிகள் கிடையா. நோயற்ற விலங்கிடம் கற்ற பாடத்தை நோயுற்ற மனிதனிடம் அப்படியே நடத்தியதால் வந்த கேடு இது. இவ்வரலாற்றில் நான் மிகுதியும் எண்ணிப் பார்ப்பது இவ்விடத்தைத்தான்.

சிகிச்சை நிறுத்தப்பட்டது. ஸ்டார்ஸல் மீண்டும் நாய்களிடம் சென்றார். 1964-இல் ஈரல் மாற்றம் பெற்ற நாய் ஒன்று, சில மாதங்கள் மட்டுமே மருந்துண்டு, பின்னர் மருந்தின்றியே பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. குதிரைகளின் உடலில் உண்டாக்கிய சீரத்தையும் மருந்தாக்கினர். 1967-இல் மீண்டும் தொடங்கியபோது, சிகிச்சை பெற்ற குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது.

இங்கிலாந்தில் ராய் கால்ன் பன்றிகளைக் கைக்கொண்டார். அங்கு ஒரு வியப்பு நேர்ந்தது. மாற்றிய ஈரலைப் பல பன்றிகள் எவ்வித மருந்துமின்றி ஏற்றுக்கொண்டன. 1969-இல் இது வெளியானபோது மருத்துவ உலகம் பெரிதும் நம்பிக்கை கொண்டது. மனித உடல் அவ்வளவு பெருந்தன்மை காட்டவில்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பின்னரே, 1980-களில், பிழைப்போர் தொகை உயர்ந்தது. அம்மருந்தும் எலி, நாய், பன்றி ஆகியவற்றிடம் சோதிக்கப்பட்ட பின்பே மனிதருக்கு வந்தது.

எலியை மறத்தலாகாது. 1931-இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலியின் ஈரலில் மூன்றில் இரு பங்கை அகற்றினர். எஞ்சிய பங்கு சில வாரங்களுக்குள் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு தந்தை ஈரலின் ஒரு பகுதியை ஈந்து தாமும் நலமாக வாழ்வது எவ்வாறு என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

இத்தனை உயிர்களை வருத்தலாமோ என்ற கேள்வி நம் நாட்டிலும் உரக்க எழுந்தது. எழுப்பியவர் சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1952-இல் மாநிலங்களவை உறுப்பினரான அம்மையார், விலங்கு வதைக்கு எதிராகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, 1960-இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அம்மையாரே முதல் தலைவர். சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்துப் பரிவுடன் செய்க. சிறு பிராணியால் இயலுமாயின் பெரிய விலங்கைத் தவிர்க்க. கல்விக்கூடங்களில் நூலும் மாதிரியும் படமும் போதுமாயின் உயிரைத் தொடாதே என்பன அதன் நெறிகள். பள்ளிகளில் தவளை அறுத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். கடைசி நெறி வகுப்பறைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. நாயின் இடத்தை எலி பெறுவதும் மெல்லவே நிகழ்ந்தது. எலிக்கே ஈரலை மாற்றிப் பொருத்தும் நுண்கலையை 1973-இல் சுன் லீ என்பார் உருவாக்கினார். எனினும் அறுவை பழகுவோருக்குப் பன்றியே இன்னும் வேண்டியிருக்கிறது.

பன்றியின் பங்கு இப்போது வேறு திசையில் திரும்பியிருக்கிறது. 2024 மார்ச்சில், சீனாவின் சியான் நகரில், மரபணுக்கள் திருத்தப்பட்ட பன்றியின் ஈரல், மூளைச் சாவு அடைந்த ஒருவர் உடலில் வைக்கப்பட்டது. பத்து நாட்கள் அது பித்தம் சுரந்தது. அவருடைய சொந்த ஈரலை மருத்துவர்கள் அகற்றவில்லை. 1955-இல் வெல்ச் நாய்க்குச் செய்தது போலவே, அருகில் துணையாகவே வைத்திருந்தனர். இம்முறை போர்ட்டல் சிரையை இணைக்க மறக்கவில்லை.